கண்ணாடித் தகட்டில் குட்டிப் பாதங்கள்



படூரில் என் சிகிச்சையகத்துக் கதவு திறந்ததும், வருகிற நாயைப் பார்ப்பதற்கு முன்பே அதன் வாடை சில நாள்களில் எனக்குச் சேதி சொல்லிவிடும். இந்த வாடையை எப்படி விளக்குவது என்று நெடுநாள் தடுமாறியிருக்கிறேன். இது கவிச்சி இல்லை, கவிச்சி மீனுக்கு. மொச்சையும் இல்லை, அது வெள்ளாட்டுக் கிடாவுக்கு. மழைக்காலத்தில் பீரோவுக்குள் மடித்து வைத்த துணியின் பூசண வாடையும் இல்லை. ஒருநாள் கோவளத்து மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி தன் நாயைக் கயிற்றில் கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "மூடி வச்ச எண்ணெச் சட்டியத் தொறந்தா ஒரு காறல் வருமே, அந்த நாத்தம் டாக்டரம்மா. குளிப்பாட்டினா ரெண்டு நாளு போவுது. மூணாம் நாளு திரும்ப வந்துடுது."

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்த வாடைக்குக் காரணமான நோயைப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். அந்தப் பாட்டி சொன்னதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை. காறிப்போன எண்ணெய் என்றார் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. நாய்த் தோலில் வரும் ஈஸ்ட் தொற்றுக்குக் காரணமான உயிர், எண்ணெயைத் தின்று வாழ்கிற உயிர். அதன் பெயர் மலசீசியா.

ஈஸ்ட் என்றதும் உங்களில் பலருக்கு ரொட்டி நினைவுக்கு வரும். எனக்கு இட்லி மாவுதான் வருகிறது. மாவு புளிக்க நாம் வெளியிலிருந்து எதையும் வாங்கி வந்து போடுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதிலேயே இருக்கின்றன. சித்திரையில் வைத்தால் இரவுக்குள் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிகிறது. மார்கழியில் விடிந்து பார்த்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மாவு அதேதான், உயிர்களும் அவைதான். சூழல்தான் வேறு. நாய்த் தோலிலும் இப்படித்தான். மலசீசியா எங்கோ தெருவிலிருந்து வந்து உங்கள் நாயைத் தாக்குவதில்லை. நல்ல ஆரோக்கியமான நாயின் காதுக்குள்ளும், உதட்டு மடிப்பிலும், விரல் இடுக்கிலும், ஆசனவாயைச் சுற்றியும் அது குடியிருக்கிறது. தொந்தரவு கொடுப்பதில்லை. தோலில் ஏதோ ஒன்று நிலை தவறும்போதுதான் பெருகுகிறது. ஆகவே "இது எங்கிருந்து தொற்றியது டாக்டர்?" என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, "இங்கேயேதான் இருந்தது. இப்போது ஏன் பெருகியது என்று தேடுவோம்."

மாவு என்று சொன்னதால் ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "சோறு மாவுச்சத்துதானே, ஈஸ்டுக்குச் சர்க்கரை பிடிக்குமே, அதனால் நாய்க்குத் தயிர்சாதத்தை நிறுத்திவிட்டோம்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். மலசீசியாவுக்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் வசதி கிடையாது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டில் இருக்கும் சோறு நேராகப் போய்த் தோலிலுள்ள ஈஸ்டுக்குத் தீனியாவதில்லை. ஏதாவது ஓர் உணவு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருகிற நாய்கள் உண்டு, அது வேறு கதை. அதற்கு முறையாக உணவை மாற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோற்றின் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் இங்கே நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாயின் விரல்களை விரித்து, நடுவில் சிவந்து பிசுபிசுக்கும் இடத்தில் சாதாரண ஒட்டும் டேப் ஒரு துண்டை அழுத்தி எடுப்பேன். நாய்க்கு வலியே இல்லை; பல நாய்கள் அப்போது என் கையை நக்கும். அந்த டேப்புக்கு நீலச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 1000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை மெல்ல இறக்குவேன். முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் நீல மங்கல். சிறிய திருகைத் திருப்பத் திருப்ப, உதிர்ந்த தோல் செல்கள் தெரியும். தண்ணீர் வற்றிய ஏரியில் வெயில் பட்டு வெடித்த களிமண் தகடுகளைப் போல. இன்னும் ஒரு நூல் அளவு திருப்பினால், அந்தத் தகடுகளின் மேல் கருநீலத்தில் குட்டிக் குட்டியாக மலசீசியா.

அதன் உருவத்தை நிலக்கடலை என்றும் பாதச்சுவடு என்றும் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் நம் வீட்டில் வளர்ந்த யாருக்கும் பார்த்தவுடன் வேறொன்று தோன்றும். கிருஷ்ண ஜெயந்தி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை குழந்தைக் கண்ணனின் கால் போடுவோமே. கை முஷ்டியை அரிசி மாவில் தோய்த்துத் தரையில் பதிப்போம், பிறகு விரலுக்காக மேலே புள்ளிகள் வைப்போம். புள்ளி வைப்பதற்கு முன்னால், முஷ்டியை மட்டும் பதித்த அந்த வடிவம் இருக்கிறதே, அச்சு அசல் அதுதான். நடுவில் சற்றே ஒடுங்கிய இடுப்பு, ஒரு பக்கம் பெரிது, மறு பக்கம் சிறிது. பெரியது தாய், சிறியது அதிலிருந்து மொட்டு விட்டு வரும் பிள்ளை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் 200, 300 வரிசையாக நிற்கக்கூடிய அளவு. தோல் செல்லின் மேல் அவை சிதறிக் கிடப்பதைப் பார்த்தால், யாரோ ஒரு குழந்தை உள்ளே நடந்து போனதுபோல இருக்கும்.

கூட வருகிறவர்களையும் இதைப் பார்க்கச் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தன் ஷிட்சூ நாயின் தகட்டைப் பார்த்துவிட்டு, பள்ளி நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த முறை வந்தபோது, முதலில் நுண்ணோக்கிக்கு ஓடினாள். சென்ற முறை ஒரே பார்வையில் கூட்டமாக இருந்தவை, இம்முறை தேடித் தேடி ஒன்றிரண்டு. சிகிச்சை வேலை செய்கிறது என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒன்றிரண்டு இருப்பது இயல்பு என்பதை அவளிடம் சொன்னேன். ஒவ்வாமை உள்ள சில நாய்களுக்கு மட்டும் அந்த ஒன்றிரண்டே அரிப்பைக் கிளப்பும். அதனால் எண்ணிக்கையோடு நாயையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த உயிர் நமக்கும் அந்நியமானதல்ல, நேயர்களே. முதுகிலும் மார்பிலும் வெளுத்த திட்டாக வரும் தேமல், தலையில் உதிரும் பொடுகு, இரண்டிலும் இதே மலசீசியா குடும்பத்துக்குப் பங்கு உண்டு. பாரிஸில் லூயி சார்ல் மலசே என்கிற அறிஞர் 1874-இல் பொடுகுச் செதில்களில் இதைப் பார்த்து விவரித்தார். இரத்த அணுக்களை எண்ணும் கருவியை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணத் தெரிந்த மனிதர். 1889-இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள். நாய்களிடம் வரும் வகைக்கு மட்டும் பாக்கிடெர்மாடிஸ் என்று பெயர், தடித்த தோல் என்று பொருள். நாய்க்கு ஏது தடித்த தோல் என்று கேட்பீர்கள். 1925-இல் வைட்மன் என்பவர் அமெரிக்காவில் இதை முதன்முதலில் கண்டெடுத்தது ஒரு காண்டாமிருகத்தின் தோலில். அதுவும் இந்தியக் காண்டாமிருகம்! தோல் உரிந்து உரிந்து அவதிப்பட்ட ஒரு மிருகம். நம் நாட்டு மிருகத்தின் பெயர் சுமந்து வந்த இந்த ஈஸ்ட், கவனிக்காமல் விடப்பட்ட நாயின் அக்குளையும் கழுத்தையும் கடைசியில் காண்டாமிருகத் தோலாகவே மாற்றிவிடுகிறது. முடி கொட்டி, கறுத்து, தடித்து, சுருக்கம் விழுந்து. இப்படிப்பட்ட தோலைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1925 ஞாபகம் வரும்.

படூரின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் சிறுசேரி, மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டினால் கோவளம் கடல், வடகிழக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம். எங்கள் ஊரில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் அரை நாளில் கசிந்துவிடும். அப்படிப்பட்ட காற்றில், குளிர் நாடுகளுக்காக அடர்ந்த முடியோடு வளர்க்கப்பட்ட கோல்டன் ரெட்ரீவர், தொங்கும் காதோடு காக்கர் ஸ்பானியல், முக மடிப்போடு பக் என்று, பழைய மாமல்லபுரம் சாலை அடுக்ககங்களில் மாடிக்கு மாடி வளர்க்கிறோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களிடம் நான் இதைக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். வராது என்று சொல்லவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன அந்த வாரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. நாய்களோ நாள் கணக்கில் ஈரத்தில். மழை விட்டதும் வரிசையாகக் காதை உதறிக்கொண்டு வந்தன. என் மின் நுண்ணோக்கி உதவாது. படிக்கும் காலத்தில் வாங்கிய பழைய நுண்ணோக்கி பரணில் இருந்தது, அடியில் கண்ணாடி வைத்தது. ஜன்னல் ஓரம் மேசையை இழுத்துப் போட்டு, மேகத்துக்கு நடுவே வந்த வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத் தகட்டுக்கு அனுப்பினேன். மேகம் வந்தால் இருட்டு, விலகினால் நீலப் பாதங்கள். அன்று ஏழு நாய்களுக்கு அப்படித்தான் பார்த்தேன். மலசேயும் வைட்மனும் ஏறக்குறைய இப்படித்தானே பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது, அந்த வாரத்தின் அலுப்பெல்லாம் போய்விட்டது.

நேரம் ஓடுகிறது. ஏன் பெருகுகிறது என்பதற்கு வருகிறேன்.

பெரும்பாலான நாய்களிடம் அடியில் இருப்பது ஒவ்வாமை. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சி, உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் கடிப்பது, மகரந்தம், சில நேரம் உணவு. அரித்தால் நாய் நக்கும், நக்கினால் ஈரம், ஈரத்தில் ஈஸ்ட், ஈஸ்டினால் இன்னும் அரிப்பு. வெள்ளை நாயின் கால் முடி துருப்பிடித்த நிறத்தில் மாறியிருந்தால், நீங்கள் பார்க்காதபோது அது நக்குகிறது என்று பொருள். நகத்தின் அடிப்பகுதி பழுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்பானியல் நாய்க்கு மூன்று முறை ஈஸ்டுக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் குணமாகும், இரண்டு மாதத்தில் திரும்பும். ஒன்பது வயது நாய். எடை கூடிக்கொண்டே போனது, எந்நேரமும் தூக்கம், விசிறியைப் போட்டால் எழுந்து மூலைக்குப் போய்விடும். அதன் எஜமானர், ஓய்வுபெற்ற ஆசிரியர், "வயசாயிடுச்சும்மா, என்னை மாதிரி" என்பார். நானும் தலையாட்டினேன். நான்காம் முறைதான் இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தேன், மிகக் குறைவு. தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு அந்தத் தோல் தேறியது, நாய் மறுபடி வாசலுக்கு ஓடி வந்து குரைத்தது. அந்த நாய் வீணாகச் சொறிந்துகொண்ட மாதங்களுக்கு நான்தான் பொறுப்பு. அதற்குப் பிறகு, இரண்டாம் முறை திரும்பி வரும் எந்த ஈஸ்டையும் வெறும் ஈஸ்டாக நான் பார்ப்பதில்லை.

இன்னொன்று, கேளம்பாக்கம் போகும் வழியில் ஒரு டீக்கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பு நாய். சொறி நாய் என்று கல்லெறிவார்கள். கடைக்கார அம்மா மட்டும் பொறை போடுவார். ஒருநாள் அவரே சாக்கில் படுக்க வைத்துத் தூக்கி வந்தார். வாடை, கறுத்த தோல் எல்லாம் ஈஸ்டுக்குப் பொருந்தியது, டேப்பிலும் பாதங்கள் நிறைய. ஆனால் தோலைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தபோது கூடவே சொறிப் பூச்சியும் இருந்தது. பூச்சிக்கு மாத்திரை, ஈஸ்டுக்குக் குளியல். கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் அந்த அம்மாவே வாரம் இரண்டு முறை குளிப்பாட்டினார். மூன்று மாதத்தில் முடி முளைத்தது. நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

குளியல் என்றேன். சிகிச்சையில் பெரும்பகுதி அதுதான், அதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். குளோர்ஹெக்ஸிடினும் மைகோனசோலும் சேர்ந்த ஷாம்பு கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். வாரம் இரண்டு முறை. நாயை நன்றாக நனைத்து, நுரை தோல் வரை போகும்படி தேய்த்து, 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். பூச்சிகொல்லி தெளித்தவுடன் மழை பெய்தால் பயிருக்கு என்ன பயன்? அதுபோலத்தான் உடனே கழுவுவதும். 10 நிமிடத்துக்கு நான் சொல்லும் கணக்கு, வானொலியில் இரண்டு பாட்டு. முதல் பாட்டு முடியும்வரை நாய் நிற்கும். இரண்டாவது பாட்டில் உதறத் தொடங்கும். அப்போது கழுத்தைத் தடவிக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் ஷாம்பு போகக் கூடாது.

கழுவிய பிறகு துவட்டுவது இன்னும் முக்கியம். விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, வாலடி என்று ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். மழைநாளில் துண்டு காயாது என்றால் பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு அப்புறம் உங்கள் குளியலுக்குப் போங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் தடவாதீர்கள். எண்ணெயில் வாழும் உயிருக்கு மேலும் எண்ணெய், போதாததற்கு நாய் அதை நக்கி வாந்தி எடுக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. நமக்கு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டு நாள் அடக்கும். அடியில் நோய் வளரும். காதுக்குள் பஞ்சு குச்சி விடாதீர்கள். நாயின் காதுக் குழாய் ட என்ற எழுத்தைப் போலக் கீழே இறங்கித் திரும்புகிறது, குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும். இட்ராகொனசோல், கீட்டோகொனசோல் மாத்திரைகள் தேவைப்படும் நாய்கள் உண்டு. அவை கல்லீரலைத் தொடும் மருந்துகள். மருத்துவர் எடை பார்த்து எழுதினால் மட்டுமே.

"பிள்ளைகளுக்கு ஒட்டுமா?" என்று நிச்சயம் கேட்பீர்கள். ஆரோக்கியமான வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை, தொட்ட பின் கை கழுவுங்கள். அமெரிக்காவில் ஒரு பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஊழியர்கள் வீட்டில் வளர்த்த நாய்களிடமிருந்து அவர்கள் கை வழியாக இந்த ஈஸ்ட் குறைமாதக் குழந்தைகளுக்குப் போயிருக்க வேண்டும் என்று 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கை கழுவுவதை முறைப்படுத்தியதும் அது நின்றுபோனது. வீட்டில் குறைமாதக் குழந்தையோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். நாயை வெளியே விரட்ட வேண்டாம்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். இன்றிரவு உங்கள் நாய் காலடியில் வந்து படுக்கும்போது அதன் காதை மடித்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள், விரல்களைப் பிரித்துப் பாருங்கள். காறல் வாடை இருந்தால் நாளைக் காலையே பக்கத்திலிருக்கும் கால்நடை மருத்துவரிடம் போய், டேப் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே, "டாக்டர், நானும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அந்தக் குட்டிப் பாதங்களை நீங்களும் பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.